வந்து சேராதவருக்காக வைத்த பூசணிக்காய்

உபதேசியார் பூசணிக்காயை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். காம்பில் நூல் சுற்றிக் கட்டியிருந்த சீட்டைப் பிரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சீட்டை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்து ஒரு தடவை படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

நான் பெண்கள் பக்கத்துப் பாயில் கடைசி ஆளாக, மண்சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மடியில் சின்னவள்.

வழக்கமாக அவர் காணிக்கைச் சீட்டில் எழுதியிருக்கிற காரணத்தைப் படிக்கமாட்டார். "இன்னார் குடும்பம், ஒரு கோழி, ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். காரணம் ஆண்டவருக்கும் கொடுத்தவருக்கும் தெரிந்தால் போதும் என்பது அவர் எண்ணம். அதை நம்பித்தான் நான் எழுதியிருந்தேன்.

அன்றைக்கு அவர் குரல் உடைந்துபோயிற்று.

"சபையாரே, கேளுங்க. எஸ்தர் குடும்பம். என் வீட்டுக்காரர் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி."

சபை முழுக்கத் திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தது. அங்கே அவர் இல்லை. அவர் ஊருக்கே வரவில்லை.

உபதேசியார் அந்தக் கூரைக் கோயிலின் மூலை வரைக்கும் கண்ணை ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கேம்மா ஆரோனு? தூங்குறாரா?"

எல்லார் முகமும் என் மேல். நான் கூட்டத்தில் வாய் திறந்து பேசியவள் இல்லை. ஆளுக்கொரு வரியாக ஜெபம் பண்ணுகிற வீட்டுக் கூட்டத்தில்கூட, என் முறை வந்தால் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர் தானே தொடங்கிவிடுவார். அன்றைக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம், தூங்குகிறார் என்று.

"பிரயாணக் களைப்பு. தூங்கட்டும், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு உபதேசியார் முழங்காலில் நின்று அழுதுகொண்டே ஜெபம் பண்ணினார்.

பிறத்தியார் சீட்டுகள்

போன வாரம் அவர் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலேறியதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மண்வேலை செய்கிறவர். பேர் ஆரோன். எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. அவர் இருந்தவரை நான் அந்தப் பேரைச் சொன்னதில்லை. ஏரிக்கரை, கால்வாய், வரப்பு என்று எது உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. தண்ணீரே இல்லாத ஏரிக்குக் கரையை யார் கட்டச் சொல்வார்கள்? ஒரு மேஸ்திரி வந்து, ஒரிசாப் பக்கம் அணை கட்டுகிறார்கள், ஆள் வேண்டும் என்றான். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனார். மூத்தவள் சுகிர்தத்துக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

யாரோ எழுதிக் கொடுத்த கார்டு ஒன்று வந்தது. சுகம், சுகமறிய ஆவல். அவ்வளவுதான். மூன்று மாதம் ஐந்தாயிற்று, ஐந்து எட்டாயிற்று. கூடப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, அங்கே ஜுரம் பரவியது, ஆளுக்கொரு திக்காகப் பிரிந்துவிட்டோம், ஆரோன் எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது என்றார்.

கிணற்றடியில் நான் வந்ததும் பேச்சு நின்றுவிடும். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்ததும் தொடங்கும்.

"ஜுரமாவது ஒண்ணாவது. வடக்கத்திக்காரி எவளாச்சும் சோறு போட்டு உக்கார வச்சிக்கினு இருப்பா."

என் கவலை இரண்டு. ஒன்று அவர், இன்னொன்று சோறு. இப்போது வயதாகிவிட்டது, உள்ளதைச் சொன்னால் என்ன? காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது சோற்றுக் கவலைதான். அவர் பற்றியது இரண்டாவதாகத்தான் வரும். அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கும்.

எங்கள் சபையில் பெண்களுக்குள் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அங்கே டீச்சர் மணலைப் பரப்பி விரலைப் பிடித்து எழுத வைப்பார். நகக்கண்ணில் மணல் ஏறி எரியும். அதற்குப் பலன் என்னவென்றால், சனிக்கிழமை சாயங்காலம் சபைப் பெண்கள் எல்லாரும் நன்றிச் சீட்டு எழுதிக்கொள்ள என்னிடம் வருவார்கள். காணிக்கையாகக் கொண்டுபோகிற முட்டையோ முருங்கைக்காயோ, அதனோடு சீட்டும் போக வேண்டும்.

மாடு நல்லபடி கன்று போட்டதற்காக நன்றி. மகனுக்கு அம்மை இறங்கியதற்காக நன்றி. தொலைந்த ஆடு கிடைத்ததற்காக நன்றி. எல்லாம் என் கையால் எழுதினேன். எழுதி எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் போன பிறகு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்காக ஜெபியுங்கள் என்று சபையில் கேட்டிருக்கலாம். கேட்டால், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நானே ஒத்துக்கொண்டது மாதிரி ஆகும் என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உபதேசியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், கேட்கும்போதே கிடைத்துவிட்டது என்று நம்பி நன்றி சொல்லுங்கள் என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். என் புத்தி அதை வேறு மாதிரி பிடித்துக்கொண்டது. நாம் நன்றியைச் சொல்லிவிட்டால், வாங்கிக்கொண்ட நன்றிக்காகவாவது ஆண்டவர் அவரை அனுப்பித்தானே ஆக வேண்டும்? கூரைமேல் காய்த்திருந்ததில் பெரிய பூசணியாகப் பார்த்து அறுத்தேன். சீட்டு எழுதினேன்.

நம்பிக்கை என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். அது பயம்தான்.

மூச்சு விடாமல் வந்தவர்கள்

ஆராதனை முடிந்ததும் சின்னவளை இடுப்பில் போட்டுக்கொண்டு, சுகிர்தத்தைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, வரப்பு வழியாக ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன். தட்டிக் கதவைச் சாத்தி, பின்னால் உலக்கையை முட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு பேர் இல்லை.

யாரும் கதவைத் தட்டவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவர் தூங்குகிறார் அல்லவா? அதனால் அத்தனை பேரும் கிசுகிசுத்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"ஏய், செருப்ப தேய்க்காத. ஆரோனு ஏந்துக்குவான்."

"இத்த இங்க வச்சிட்டு வா. கருவாட்டுக் கொழம்பு. நாய் வாய வைக்கப் போவுது, மேல கல்லு வை."

"குறட்டகூட கேக்கலியே?"

"எட்டு மாசத் தூக்கம்டா. குறட்டைக்கு ஏது தெம்பு?"

எவனோ ஒரு சின்னப் பையன் அழத் தொடங்க, அவன் வாயை யாரோ பொத்தினார்கள். 'ம்ம், ம்ம்' என்று சத்தம் தேய்ந்துகொண்டே தூரம் போயிற்று.

நான் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவர் ஓரத்தில் அவர் பாய் சுருட்டி வைத்திருந்தது. வெளியே இருந்தவர்கள் அவ்வளவு நிச்சயமாகப் பேசியதில், எனக்கே ஒரு கணம் அந்தப் பாயில் அவர் படுத்திருக்கிறது மாதிரி இருந்தது. முகத்தின் மேல் கையை மடித்துப் போட்டுத் தூங்குவார். முழங்கையில் மண் காய்ந்து வெள்ளையாக வெடித்திருக்கும்.

சுகிர்தம் எழுந்தாள். பாய் பக்கம் போனாள். நெல் குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் என் காதோடு காதாக, ஊரார் மாதிரியே கிசுகிசுவென்று கேட்டாள்.

"நைனா எங்க?"

அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். சாயங்காலம் கதவைத் திறந்தபோது வாசலில் அரிசி, குழம்புச்சட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு முட்டை, பதநீர் ஒரு செம்பு எல்லாம் வரிசையாக இருந்தன. எட்டு மாதத்தில் பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றது அன்றைக்குத்தான். நான் ஒரு கவளம்கூட எடுக்கவில்லை.

நாகம்மா

பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாகம்மா வருவாள். அவள் சாமி வேறே, எங்கள் சாமி வேறே. ஆனால் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது உபதேசியாரைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே அவள் குரல் கேட்டது.

"எஸ்தரு! இன்னாடி, ஊட்டுக்காரரு வந்துட்டாராமே! எங்க ஒளிச்சி வச்சிக்கினு கீற? நா ஒண்ணும் கண்ணு வச்சிட மாட்டேன், வெளிய அனுப்பு."

கூடையை இறக்கினாள். மேலே மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினாள். முழங்கை நீளத்துக்கு இரண்டு மடவை மீன். அந்த மீனை அவள் எங்களுக்கு என்றைக்கும் காட்டியதில்லை; காசுள்ள வீடுகளுக்குப் போகிற மீன்.

"ஆரோனு அண்ணனுக்குன்னு எடுத்தாந்தேன். எங்க அவரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சபையில் வராத வார்த்தை அவளிடம் வந்தது. முழுக்கச் சொன்னேன்.

நாகம்மா வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கூடையே ஆடிற்று.

"அடிப்பாவி! மெய்யாலுமா? உங்க சாமிக்கே டிமிக்கி குடுத்துட்டியா? வாயில்லாத பூச்சின்னு நெனச்சேன் உன்ன!"

"சும்மாரு அக்கா. எனக்கு பயமா கீது."

"பயம் இன்னாத்துக்கு? எங்கூட்ல அந்தாளு ஏரிக்கு வலய எடுத்துக்கினு போறப்பவே மசாலா அரச்சி வைன்னு சொல்லிட்டுத்தான் போவும். மீனு இன்னும் தண்ணியில நீந்திக்கினு கீது, நா இங்க மொளகா அரச்சிக்கினு கீறேன். அது பொய்யா?"

"மீன் வராட்டி?"

"வராட்டி மசாலாவத் தொட்டுக்கினு துன்னுவோம். மறுநாளு அரைக்காம உட்ருவனா?"

எழுந்து கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். இரண்டு மடவையும் தரையில் இருந்தன.

"அக்கா, மீனு..."

"கொண்டாந்தது கொண்டாந்ததுதான். அவரு வந்தா அவரு துன்னுவாரு. வரல, நீ துன்னு. உன் மொகத்த பாரு, கருவாடு மேரி."

ஆரணியிலிருந்து வந்த அண்ணி

நாகம்மாவிடம் சிரிப்போடு போயிற்று. மறுநாள் அப்படிப் போகவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்காள். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பெற்றவள் போய்விட்டதால் அக்காளே தூக்கி வளர்த்தாள். ஆரணியில் கட்டிக் கொடுத்திருந்தது; பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, எங்கள் பக்கத்து ஆரணி. எங்கள் சபைக்காரர் ஒருவர் திங்கட்கிழமை அங்கே போனவர் சேதியைச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், தலையில் அரிசி மூட்டையும் கையில் தலைகீழாகப் பிடித்த கோழியுமாக, தூரத்திலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

"டேய் ஆரோனு! டேய் தம்பி! அக்கா வந்துக்கினு கீறேன்டா!"

நான் வாசலுக்கு வந்து நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால், இருட்டாக இருந்த வீட்டுக்குள் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வெயிலில் நடந்து வந்து உதடு வெடித்திருந்தது.

"எங்க அவன்? ஏரிப் பக்கம் போய்க்கினானா?"

"அண்ணி..."

"இன்னாடி?"

"அவரு வரல அண்ணி. நாந்தான்... எழுதிட்டேன்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கோழியை விட்டுவிட்டாள். கால் கட்டியிருந்த கோழி தரையில் புரண்டு அடித்துக்கொண்டது. ஒரு அறை விட்டாள். வாங்கிக்கொண்டேன். இன்னொன்றுக்குக் கையை ஓங்கியவள் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"வழி பூரா பேசிக்கினே வந்தேனேடி. இன்னா கேக்கணும், இன்னா திட்டணும்னு பூரா நெனச்சிக்கினே வந்தேனே."

அவர் இல்லாததற்கு என் ஒருத்தி வயிறு மட்டும் எரிகிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கண்டேன். என் கவலையில் நான் அவளை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆரணி என்ன கடல் தாண்டியா இருக்கிறது? எட்டு மாதத்தில் ஒரு தடவை போய், உங்களுக்கு ஏதாவது சேதி வந்ததா அண்ணி என்று கேட்டிருப்பேனா?

அழுது ஓய்ந்ததும் அவளே எழுந்து கோழியைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தாள். முகத்தைக் கழுவினாள். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நட. உபதேசியார் ஊட்டுக்குப் போலாம். இத்த இப்டியே உடக்கூடாது."

இனிமேல் கேட்க முடியாது

உபதேசியாருக்கு இளைப்பு நோய். மூச்சை இழுத்து இழுத்துத்தான் பேசுவார். அண்ணி சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார்.

"நான் தேம்பித் தேம்பி அழுதனே எஸ்தரு" என்றார். கோபமில்லை. வெட்கப்பட்டார். "படிச்சது படிச்சதுதான். அத்த எப்படித் திருப்பி வாங்கறதுன்னு எனக்குத் தெரியல. நானும் நீயும் சபையில சொல்லிடுவோம்."

அடுத்த ஞாயிறு அவர் சொன்னார், நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் வாழ்நாளில் சபைக்கு முன்னால் பேசிய முதல் வார்த்தை, "மன்னிச்சிக்கங்க" என்பது.

"அப்ப அன்னிக்கி யாருக்குடி நாங்க மூச்சக்கூட புடிச்சிக்கினு நின்னோம்?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

"என் கொழம்புச் சட்டியவாவது குடுத்துடு" என்றாள் இன்னொருத்தி.

சட்டியைக் கழுவிக் கொடுத்தேன். மறு வாரம் அதே சட்டியில் கூழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கிணற்றடியில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிற வழக்கம் போய்விட்டது. நேருக்கு நேராகக் கேலி பண்ணினார்கள். அது எவ்வளவோ தேவலை.

ஆனால் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. காலையில் முழங்காலில் நிற்பேன். அவரைக் கொண்டுவந்து சேரும் ஆண்டவரே என்று கேட்க வாயைத் திறப்பேன். கேட்க முடியாது. அதற்குத்தான் பூசணிக்காய் வைத்து, சபையே சாட்சியாக நன்றி சொல்லியாயிற்றே. மறுபடி போய்க் கேட்டால், அன்றைக்குச் சொன்னது பொய் என்று இன்னொரு தரம் சொல்வதாகும்.

கேட்கவும் வழியில்லை, எழுந்து போகவும் மனசில்லை. சும்மா நின்றேன். நாள் கணக்கில் அப்படியே நின்றேன். நேற்றைக்கு வந்ததைச் சொல்வேன். கூழ் வந்தது, அண்ணி இருக்கிறாள், சுகிர்தத்துக்கு இருமல் நின்றது. அதற்கப்புறம் சொல்ல ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் அந்த இடத்தை என் கவலை பேசித் தீர்க்கும். இப்போது அந்த இடம் அமைதியாக இருந்தது.

ஏராளமாக வந்தது என்று எழுதினால் அது அடுத்த பொய். பண்ணைக்கீரையும் உப்புமாகப் போன நாள்கள் உண்டு. அண்ணி எங்களோடேயே தங்கிவிட்டாள். ஆரணிக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு மறுபடி வந்துவிடுவாள். இரண்டு பேருமாகத் தேர்வாய் கண்டிகைக் காட்டுப் பக்கம் போய் விறகு பொறுக்குவோம். அந்தப் பக்கமெல்லாம் இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் போகின்றன. அன்றைக்கு முள்ளும் மேய்கிற மாடும்தான். மழை திரும்பியதும் மணியக்காரர் வீட்டு நிலத்தில் நடவு வேலை கிடைத்தது.

ஒரு நாள் மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவும்போது உறைத்தது. ராத்திரிக்கு என்ன என்று காலையிலிருந்து ஒரு தரம்கூட நான் நினைக்கவில்லை. எப்போது போயிற்று அந்த நினைப்பு? எனக்குத் தெரியாது. நான் விரட்டவில்லை. கொடுக்கிறவர் கொடுக்கிறார் என்று என் மனசுக்கு முன்னால் என் வயிறு ஒத்துக்கொண்டுவிட்டது போல.

கவலை போனதும் சந்தோஷம் வந்தது என்று சாட்சி சொல்வார்கள். எனக்கு ஏக்கம் வந்தது. கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் வரவில்லையே என்றுதான் நினைத்தேனே தவிர, அவரை நினைக்கவே இல்லை. இப்போது நினைத்தேன். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, உள்ளே நுழையாமல் வாசலில் நின்று, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்து மண் உதிர்ப்பார். சோறு போட்டால் முதல் கவளத்தைச் சின்னவள் வாயில் வைப்பார். அவளுக்கு அப்போது பல்லே கிடையாது. பாட்டு ஒழுங்காக வராது, ஆனால் விடமாட்டார். இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. நாற்றை ஊன்றும்போது வந்தது, முடியை எடுத்துக் கட்டும்போது வந்தது. ஆண்டவர் அவரை அனுப்பாவிட்டாலும் நான் அவரை விட்டு ஓடமாட்டேன் என்று அப்போது மனசுக்குள் ஒரு தீர்மானம் வந்தது. அவர் என்று நான் சொன்னது ஆண்டவர், வீட்டுக்காரர் இரண்டு பேரையும்தான்.

மணியக்காரர் வீட்டு நிலத்தில்

அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலை நேரம். நாங்கள் எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தோம். கூடூர் பாசஞ்சர் கூவிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரமாகியிருந்தது.

எனக்குப் பக்கத்தில் நட்டவள் நிமிர்ந்தாள்.

"எஸ்தரு. வரப்ப பாருடி."

"கேலி பண்ணாத."

"சத்தியமாடி. தலைய தூக்கு."

தலையைத் தூக்கவில்லை. குனிந்தபடியே, கக்கத்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். வரப்பில் இரண்டு கால் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே இளைத்துக் குச்சி மாதிரி இருந்தது. ஒரு கால் இன்னொரு காலைத் தேய்த்து மண் உதிர்த்தது.

பெண்கள் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள்.

"ஏந்திருடி! போடி!"

"ஐயய்ய, இவளுக்கு வெக்கத்த பாரேன். ரெண்டு பெத்துக்கினவ!"

"ஆரோனு அண்ணே, கொஞ்ச நேரம் நில்லு. உம் பொண்டாட்டி நாத்த முடிச்சிட்டுத்தான் வருவாளாம்!"

அத்தனை பேர் பார்க்க, முழங்கால் வரைக்கும் சேறும் இழுத்துச் செருகிய புடவையுமாக, எழுந்து அவர் முன்னால் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. கை பாட்டுக்கு நட்டுக்கொண்டே போயிற்று. என் பத்தியை முடித்தேன். பக்கத்தில் நட்டவள் விட்ட பத்தியையும் சேர்த்து முடித்தேன். பின்பக்கத்து வரப்பு காலில் இடித்தது. அப்புறம்தான் எழுந்தேன். வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு, அவருக்கு நாலு முழத்துக்கு அப்பால் போய் நின்றேன்.

வடக்கே ஜுரத்தில் விழுந்து, ஆஸ்பத்திரித் தரையில் மாதக் கணக்கில் கிடந்து, மேஸ்திரி போன இடம் தெரியாமல், கிடைத்த இடத்தில் மண் சுமந்து, கொஞ்சம் ரயிலும் கொஞ்சம் நடையுமாக வந்திருக்கிறார். அந்த முதல் கார்டுக்கு அப்புறம் எழுதச் சொல்லி அனுப்பிய இரண்டு கார்டும் வந்து சேரவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்.

"சின்னது நடக்குதா?"

"ஓடுது" என்றேன்.

அதற்கப்புறம் அவர் வெளியூர் வேலைக்கே போகவில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது அஸ்திவாரம் தோண்டுகிற வேலை உள்ளூரிலேயே கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தோம். அவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தும் வெகு காலமாகிறது. அங்கே பத்திரமாக இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சோறு, துணி, நாளைக்கு என்ன என்கிற கவலை அந்த நடவுக் காலத்தில் விட்டது, இன்று வரை திரும்பவில்லை.

ஒன்று மட்டும் மனசில் கிடந்து அறுக்கிறது. அந்த வரிசையை முடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அவர் நோயாளி உடம்போடு வெயிலில் நின்றார். நான் அவர் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நட்டேன். முகத்தைப் பார்த்திருக்கலாம்.